ஹார்ப்சிகார்ட் ஏன் ஓய்வதே இல்லை? 19 வயதில் ஒரு பாக் எழுதிய ஏ மைனர் கன்சேர்ட்டோ பற்றி

உவர்மலை டீச்சர் எழுதியது:

வணக்கம். இங்கே நீங்கள் கூடுதலாகக் கர்நாடக சங்கீதம்தான் கதைக்கிறீர்கள் என்று தெரியும். இதைக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருகோணமலை உவர்மலையில், வீட்டு விறாந்தையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன். 22 வருடம் ஆகிறது. மாதம் ஆறு பிள்ளைகள் ஒழுங்காகக் காசு கொண்டுவந்தால் அது நல்ல மாதம். அப்பா தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். என் இடது கை அவரிடம் பழகியது. கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்கும், பாடுகிறவருக்குப் பின்னால் போகும், அதற்கு மேல் அந்தக் கைக்கு ஆசை இல்லை. வலது கைதான் பிறகு பரீட்சைக்கென்று படித்தது.

என்னிடம் வருகிற ஒரு பையன், திருக்கடலூர்ப் பிள்ளை, ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். போன மாதம் போனில் ஒரு பதிவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினான். ஏ மைனரில் ஒரு கன்சேர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியமும் ஒரு கூட்டமும் மாறி மாறி வாசிப்பது. இதில் ஹார்ப்சிகார்டும் (பியானோவுக்கு முந்தின கட்டை வாத்தியம்) வயலின் கூட்டமும். பாக் என்ற பெயரைப் பார்த்ததும் பெரிய பாக் என்றுதான் நினைத்தேன். இல்லையாம், மகனாம். கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக். 1733இல் லைப்சிக் நகரில் எழுதியது, அப்போது அவருக்கு 19 வயது. "என்னைவிட மூன்று வயசுதான் கூட, டீச்சர்" என்றான். அந்தக் கணக்கு அவனுக்கு ஏதோ செய்துவிட்டது போல. அன்றிலிருந்து வேறு எதையும் ஒழுங்காக வாசிக்கிறான் இல்லை.

அன்று இரவு நானும் தனியே இருந்து மூன்று தரம் கேட்டேன். கேட்கக் கேட்க ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. வயலின்கள் எல்லாம் சேர்ந்து முதலில் ஒரு நீளமான பகுதியை வாசிக்கின்றன. தனியாக வாசிக்கப்போகிறவர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? இந்த ஹார்ப்சிகார்ட் இருக்கவில்லை. முதல் சுரத்திலிருந்தே கீழே கிணுகிணு என்று ஏதோ செய்துகொண்டே இருக்கிறது. பிறகு தனி முறை வருகிறது, முன்னுக்கு வருகிறது. அது முடிய வயலின்கள் திரும்ப வரும்போது, போகாமல் மறுபடி கீழே இருந்து கிணுகிணு. இது மைக் வைத்த பிழையா, அல்லது அப்படித்தானா?

ஸ்கோரை, அதாவது சுரம் எழுதிய தாளை, இறக்கிப் பிரின்ட் எடுத்தேன். அங்கே இன்னொரு குழப்பம். இடது கைச் சுரங்களோடு சின்னச் சின்ன எண்கள். நான் அதை விரல் எண் என்று நினைத்துப் பையனுக்கு அப்படியே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். இரண்டாவது வரியில் 6 வந்தது. கொஞ்சம் தள்ளி 7. பையன் தன் கையை விரித்துப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

அப்புறம் என் கீபோர்ட். 61 கட்டை, பழையது. ஹார்ப்சிகார்ட் சத்தத்தைத் தெரிவுசெய்து வாசித்தால், மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவுதான் கேட்கிறது. பியானோ சத்தத்தில் அப்படி இல்லை. பழுதாகிவிட்டது என்று ஓட்டோ பிடித்துக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனேன். திருத்துகிற தம்பி அரை மணித்தியாலம் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில ஒரு பிழையும் இல்லை, அந்தச் சத்தம் அப்படித்தான்" என்றார். காசும் வாங்கவில்லை. ஆனால் ஏன் அப்படி என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ஸ்கோரின் முன்பக்கத்தில் 1733 என்றும் பிறகு 1744இல் பெர்லினில் புதுப்பித்தது என்றும் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் வாசிப்பது 19 வயதுக்காரனுடையதா, 30 வயதுக்காரனுடையதா? பையனுக்கு இது முக்கியமாம்.

எல்பாக்கரை எழுதியது:

டீச்சர், நான் பாலையூற்றில் பிறந்தவன். 1986இலிருந்து ஹம்பர்க். எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்க வராது, கேட்பதோடு சரி. ஆனால் உங்கள் ஆள் கிடப்பது என் வேலையிடத்துக்குப் பக்கத்தில். இங்கே மிகைலிஸ் தேவாலயத்தின் நிலவறையில்தான் இம்மானுவேல் பாக்கின் கல்லறை. 1788 டிசம்பரில் இறந்தார். மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் எனக்கு முதன்முதலில் அறிமுகம்.

முதலில் கீபோர்ட். அந்தத் தம்பி சொன்னது சரி. ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மெல்லிய மரத்துண்டு எழும்பும். அதில் செருகியிருக்கும் இறகுக் காம்பு தந்தியைச் சுண்டிவிட்டுப் போகும். ஓங்கி அடித்தாலும் அதே சுண்டல்தான். உங்கள் கீபோர்ட் செய்தவர்கள் அதையும் அப்படியே போலச் செய்துவிட்டார்கள். அதனால்தான் இப்படிப்பட்ட இசையில் பெரிதும் சிறிதும் விரலில் வராது, ஆள் கணக்கில் வரும். எல்லாரும் சேர்ந்தால் பெரிது. வயலின்கள் விலகிக் கட்டை தனியே நின்றால் சிறிது.

இனி உங்கள் கிணுகிணு. மைக் பிழை இல்லை. அந்தக் காலத்தில் கட்டை வாத்தியக்காரரின் வேலையே பின்னால் இருப்பதுதான். எந்தக் கூட்டு வாசிப்பிலும் அடிச்சுரத்தை இடது கையில் பிடித்து, அதற்கு மேலே கோர்ட் நிரப்பிக்கொண்டு, எல்லாரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பார். கன்சேர்ட்டோ என்றால் முன்னுக்கு வருகிறவர் வயலின்காரர். இத்தாலியில் விவால்டி எழுதித் தள்ளியதில் பெரும்பகுதி அப்படி. பின்னால் இருந்த ஹார்ப்சிகார்ட்காரர் எழும்பி முன்னால் வந்தது ஜெர்மனியில், அதிலும் இந்த வீட்டில். தகப்பன் செபஸ்தியான் பாக் 1721இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு ஆறு கன்சேர்ட்டோக்களைப் படியெடுத்து அனுப்பினார். அதில் ஐந்தாவதில் ஹார்ப்சிகார்ட் திடீரென்று மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டு 65 பார் (தாளக் கட்டம்) தனியே வாசிக்கும். இன்றைக்குக் கேட்டாலும் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் முன்னுக்கு வந்தவர் பழைய வேலையை விட்டுவிடவில்லை. எல்லாரும் வாசிக்கும்போது கோர்ட், தன் முறை வரும்போது தனி, முறை முடிய மறுபடி கோர்ட். ஒரே ஆள், ஒரே கதிரை. உங்கள் 6உம் 7உம் அதற்குத்தான். இடது கையில் ஈ, அதோடு 6 என்றால் அதிலிருந்து எண்ணி மூன்றாவதையும் ஆறாவதையும் பிடி என்று அர்த்தம், அதாவது ஜி, சி. எப்படி அடுக்குவது, எப்போது உடைத்து வாசிப்பது எல்லாம் வாசிப்பவர் பாடு. "அதற்கு மேல் அந்தக் கைக்கு ஆசை இல்லை" என்று எழுதினீர்களே, உங்கள் அப்பா கொடுத்த கை, அந்தக் கைதான் வேண்டும் இதற்கு. சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பியானோக்காரர்கள் இந்த எண்களைக் கண்டாலே கடந்து போய்விடுவார்கள்.

1733 பற்றி ஒன்று. அந்த வருடம் பெப்ரவரியில் சாக்சனி ஆட்சியாளர் இறந்துபோக, துக்கம் என்று இசை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். தகப்பன் பாக் அப்போது லைப்சிக்கில் மாணவர்களும் வல்லவர்களும் சேர்ந்த ஒரு இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தார். சிம்மர்மான் என்பவரின் கோப்பிக்கடையில் வாசிப்பார்கள், கோடையில் அவருடைய தோட்டத்தில். துக்கம் முடிந்து ஜூன் 17இல் மறுபடி தொடங்கும்போது ஊர்ப் பத்திரிகையில் அறிவித்தது என்னவென்றால், இதுவரை இங்கே கேட்டிராத புது ஹார்ப்சிகார்ட் ஒன்றோடு வாசிக்கப்போகிறோம் என்று. மகன் அப்போது அதே ஊரில் சட்டம் படிக்கிறான், வீட்டில் படியெடுக்கிறான். முதல் கன்சேர்ட்டோவும் அதே வருடம், அதே ஊர். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை, ஆனால் போடாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் கோப்பிக்கடைக் கட்டடம் 1943 குண்டுவீச்சில் போய்விட்டது. நான் லைப்சிக் போனபோது இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

பையனுக்குச் சொல்லுங்கள்: நாங்கள் பொதுவாகக் கேட்பது 30 வயதுக்காரன் திருத்தியதை. 1738இல் பிரஷ்யாவின் இளவரசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் இளவரசன் அரசனானான். இரண்டாம் பிரெட்ரிக், புல்லாங்குழல் பைத்தியம். அரசனுக்குப் பின்னால் கோர்ட் பிடிப்பது இவர் வேலை, சம்பளம் 300 தாலர். அரசனின் புல்லாங்குழல் ஆசிரியர் குவான்ட்ஸுக்கு 2000. அந்தக் காலத்தில்தான் பழைய கன்சேர்ட்டோக்களை எடுத்துப் புதுப்பித்திருக்கிறார். 1743இல் ஒன்று, 1744இல் ஒன்று, 1745இல் ஒன்று. அவர் இறந்த பிறகு மனைவி 1790இல் இங்கே ஹம்பர்க்கில் அச்சடித்த பட்டியலில் எந்த ஊரில் எழுதியது, எந்த ஊரில் புதுப்பித்தது என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. நம் ஆட்கள் காணி உறுதி வைத்திருப்பது மாதிரி.

இதையும் சொல்லுங்கள். 1786இல் ஒரு கடிதத்தில், பழைய எழுத்துகளில் ஒரு ரீம் தாளுக்கும் மேலே எரித்துவிட்டேன், அவை இல்லாமல் போனதில் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் எரிக்காமல் வைத்திருந்தது இந்த ஏ மைனர். வோட்கென் என்பவர் பின்னாளில் போட்ட பட்டியலில் இதற்கு முதல் எண்.

தந்தி எழுதியது:

அக்கா, நான் திருமலை டவுனில்தான் இருக்கிறேன், வீணை வாசிப்பேன். கன்சேர்ட்டோ பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நீங்கள் சொன்னதற்காகப் போட்டுக் கேட்டேன், என் காது எங்கே தடுக்கியது என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற அந்தப் பகுதி திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டு, ஓ, இது பல்லவி, நடுவில் கல்பனாஸ்வரம் என்று நினைத்து வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் ஏதோ நழுவியது. அதே பல்லவி, ஆனால் ஸட்ஜம் வேறு இடத்தில்! எங்களுக்குத் தம்புரா அசையாது. எத்தனை தரம் சுற்றிவிட்டு வந்தாலும் வீடு அதே வீடு. இவர்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டுக் கடைசியில்தான் பழைய இடத்தில் வைக்கிறார்கள்.

பிறகு யோசித்தால் இது எங்களுக்கு முழுக்கத் தெரியாத விஷயமும் இல்லை. ஏ மைனரின் சுரங்களை நம் கணக்கில் எடுத்தால் நடபைரவி, மேளம் 20. தைவதம் அப்படியே இருக்க நிஷாதத்தை மட்டும் உயர்த்தினால் கீரவாணி. இவர்கள் இரண்டையும் கலந்து புழங்குகிறார்கள். நடபைரவியின் காந்தாரத்தை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள், சங்கராபரணம் வந்து நிற்கும். கிரக பேதம். ஏ மைனரில் தொடங்கியது சி மேஜருக்குப் போவது என்றால் அவ்வளவுதான் சங்கதி. எங்கள் வித்துவான் ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் கைதட்டு வாங்கி வீட்டுக்குத் திரும்புவார். இவர்கள் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள்.

எனக்கு உண்மையில் மனதில் நின்றது வேறு. இந்த மனிதரைப் பற்றித் தேடியபோது கிளாவிகார்ட் என்று இன்னொரு வாத்தியம் வந்தது. அதில் கட்டையின் மறுமுனையில் ஒரு பித்தளைத் தகடு, அது தந்தியைத் தொட்டுவிட்டு விலகாமல் அங்கேயே நிற்கும். விரலை எடுக்காமல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுரம் அசையும். கட்டை வாத்தியத்தில் அசைவு! நான் வீணையில் தந்தியை இழுத்துச் செய்வதை அவர் ஒரு கட்டையின் மேலிருந்து செய்திருக்கிறார். 1753இல் கட்டை வாத்தியம் வாசிப்பது எப்படி என்று அவர் எழுதிய புத்தகத்தில் இதற்குப் பெயரும் குறியும் உண்டு. பழக்கிய பறவை மாதிரி வாசிக்காதே, உள்ளத்திலிருந்து வாசி என்றும் அதே புத்தகத்தில் சொல்கிறார். ஆனால் கிளாவிகார்ட் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்காது. நாலு வயலின் வந்தால் அது செத்தது. அதனால் கன்சேர்ட்டோவுக்கு அசையாத ஹார்ப்சிகார்ட்தான். அசைக்க முடியாத இடத்தில் அவர் சுரத்தைச் சுற்றி நொறுக்கு நொறுக்காக அலங்காரம் போடுவதைக் கேட்கும்போது, ஆர்மோனியத்தில் தோடி வாசிக்கப் படாதபாடு படுகிற ஆட்கள்தான் எனக்கு நினைவு வந்தார்கள். கோபிக்காதீர்கள், அக்கா. அப்பா ஆர்மோனியம் என்று எழுதியிருந்தீர்கள்.

சும்மா ஒரு வழிப்போக்கன் எழுதியது:

சம்பந்தமில்லாத கேள்வி. பிரெட்ரிக் அரசன் என்கிறீர்களே, நம் பிரெட்ரிக் கோட்டை அவர் பெயரிலா? தினமும் மான்களுக்கு நடுவே நடந்து கோணேசர் கோயிலுக்குப் போகிறேன், இதுவரை யோசித்ததில்லை.

எல்பாக்கரை எழுதியது:

இல்லை. 1803இல் ஆங்கிலேயர் வைத்த பெயர், அவர்களுடைய யார்க் கோமகன் பிரெட்ரிக்கை நினைத்து. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோமகன் கட்டியது பிரஷ்ய இளவரசியை, புல்லாங்குழல் அரசனுக்குப் பேத்தி முறை. 1733இல் உங்கள் கோட்டையில் இருந்தவர்கள் ஒல்லாந்தர்.

தந்தி, ஆர்மோனியத்தைப் பற்றி இப்படி எழுதிவிட்டு நீங்கள் உவர்மலைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ஆனால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். 1773இல் எழுதிய தன் வாழ்க்கைக் குறிப்பில் இவரே சொல்கிறார்: கட்டை வாத்தியத்தில் சுரம் நிலைத்து நிற்காது, அந்தக் குறையோடும் முடிந்தளவு பாடுவதுபோல் வாசிக்க வேண்டும், என் முக்கிய உழைப்பு அதில்தான் என்று.

டீச்சர், இன்னொன்று விட்டுவிட்டேன். இவரை நீங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். சின்னப் பிள்ளைகள் வாசிக்கும் டி மேஜர் மார்ச் ஒன்று இருக்கும், அன்னா மக்தலேனா பாக்கின் 1725 கொப்பியிலிருந்து என்று போட்டிருக்கும். சிற்றன்னையின் கொப்பியில் இம்மானுவேல் பையனாக இருக்கும்போது எழுதியது அது.

உவர்மலை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தந்தி தம்பி, கோபம் இல்லை. அப்பா இருந்திருந்தால் உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு முழு ஞாயிறு உட்காரவைத்திருப்பார், அதுதான் தண்டனை.

அந்த மார்ச்சை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன், பெயரைப் பார்த்ததே இல்லை. ஒரு இடத்தில் எல்லாருக்கும் இடது கை தடுக்கும். இனித் திட்டும்போது ஆளின் பெயரைச் சொல்லித் திட்டலாம்.

சனிக்கிழமை செய்து பார்த்தோம். வயலின் பகுதிகளைச் சுருக்கி எழுதி, இன்னொரு பழைய கீபோர்டில் ஒரு பிள்ளையை வாசிக்கவைத்தேன். கச்சான் காற்று சரியான மோசம், தாள் எல்லாம் விறாந்தையில் பறந்தது. உடுப்புக் கிளிப் பத்துப் பன்னிரண்டு மாட்டித்தான் ஸ்கோரை நிற்பாட்டினோம். பையன் தன் தனி வாசிப்பைக் காற்றோடு காற்றாக ஓட்டிவிட்டு, வயலின் முறை வந்ததும் பழக்கத்தில் கையை மடியில் வைத்தான். நான் பக்கத்தில் இருந்து அந்தக் கோர்ட்களைப் பிடித்துக் காட்டினேன். முதல் நாலைந்து எண்களுக்குக் கணக்குப் பார்த்துப் பிடித்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை, கை போனது. 6 என்று போட்டிருப்பதை அப்பா "காலை மாற்றிப் பிடி" என்பார். அவருக்கு இந்த எண் ஒன்றும் தெரியாது. பிள்ளையாக இருக்கும்போது எத்தனையோ தரம் முழங்கையில் தட்டுவாங்கி அதைப் பிடித்திருக்கிறேன்.

பையன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நான் எப்பதான் டீச்சர் கையை எடுக்கிறது?" என்று கேட்டான். எடுப்பதே இல்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. 30 வயதுக்காரன் திருத்தியது என்றதும் முன்பே கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. பிறகு எரித்த கதையைச் சொன்னேன், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை டியூசன் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னாலேயே வந்து படலையில் நின்றான்.

நடுவில் உள்ள மெதுவான பகுதியை இன்னும் தொடவில்லை. தொடுவதற்கு முன் ஒரு சந்தேகம். ஒரு இடத்தில் 9, அதற்குப் பக்கத்தில் 8 என்று இருக்கிறது. இது என்ன பிடி?

எல்பாக்கரை எழுதியது:

இங்கே தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்தேன். முந்தின கோர்ட்டில் பிடித்திருந்த சுரத்தைக் கையெடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். கீழே அடிச்சுரம் மாறும், இரண்டும் உரசும், அதுதான் 9. உரசட்டும். பிறகு அந்த ஒரு விரலை மட்டும் ஒரு படி கீழே இறக்குங்கள், அதுதான் 8. அவசரப்பட்டு இறக்க வேண்டாமாம்.